காற்றைக் கண்ணாடியிற் பிடித்தவர்

சாம்பல்தீவில் வாழும் எமக்குக் காற்று புதியதன்று. ஆனி, ஆடியிற் கச்சான் எழுந்தால் வீதிப் புழுதி வீட்டினுள் வந்து நாம் திருத்த வைத்த கொப்பிகளின்மேற் படிந்துவிடும். காற்றிற் பறக்கும் தூளிலே உயிருள்ளதும் உண்டு. அஃது ஒரு நாட்டின் செல்வத்தையே அழித்ததும் உண்டு. இதனை எமது இலங்கையின் மலைநாட்டிலேயே ஆராய்ந்து காட்டிய ஹரி மார்ஷல் வார்ட் என்னும் அறிஞரின் வரலாற்றை இம்மலரிற் கூற விரும்புகின்றோம். தாவர நோயியல் பயில்வோர் யாவரும் அறிந்த பெயர் அது.

வார்ட் 1854ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ஹெரிபோர்ட் நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜிற் கற்றுத் தேறியவரை 1880ஆம் ஆண்டு அரசினர் இலங்கைக்கு அனுப்பினர். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

அவர் வந்து கண்ட மலைநாடு காடிழந்த மலைநாடு. துரைமார் பெருங்காட்டை வெட்டிச் சுட்டு, மலைக்கு மலை கோப்பியே நட்டிருந்தனர். 1878ஆம் ஆண்டளவில் அதன் பரப்பு ஏறத்தாழ 2,75,000 ஏக்கர். தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே கால்நடையாகச் சென்ற எம்மினத்தாரே அத்தோட்டங்களில் உழைத்தனர். வழியில் மாண்டோர் பலர். கோப்பியின் கதை சொல்வோர் பலர் இவர்களைச் சொல்வதில்லை.

1869இற் கோப்பியிலையின் கீழ்ப்புறத்தே செம்மஞ்சட் பொடி தோன்றியது. பேராதனைப் பூங்காவின் தலைவர் துவெயிற்ஸ் அது புதிய பூஞ்சணம் என்று கண்டு அஞ்சினார். தோட்டக்காரரோ அஞ்சவில்லை. ஏக்கருக்கு நாலரை அந்தராக இருந்த விளைவு பின்னர் இரண்டு அந்தரளவிற்குக் குறைந்தது. ஆயினும் கோப்பியின் விலை ஏறிக்கொண்டிருந்தது. விளைவின் குறையை விலை மறைத்தது. குறைந்ததை ஈடுசெய்ய மேலும் காட்டை வெட்டினர். நட்டது மீண்டும் கோப்பியே. நோய்க்குப் புதிதாக இரையிட்டதன்றி வேறென்ன? இவ்வாறே பத்தாண்டு கழிந்தது.

வார்ட் செய்த சோதனை மிக எளியது. கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களிலே காற்றுப்படும்படி வைத்தார். அவற்றில் ஒட்டியவற்றை நுணுக்குக்காட்டியிற் பார்த்தபோது நோயின் வித்திகள் தென்பட்டன. இலைமேலுள்ள நீர்த்துளியில் அவ்வித்தி முளைத்து, இலைவாய் வழியே உட்புகுந்து, சில வாரத்தில் மீண்டும் பொடியாக வெளிப்படுவதை அவர் படிப்படியாகக் கண்டார். கந்தகமும் சுண்ணாம்பும் இலையின் மேலுள்ள வித்தியைக் கொல்லலாம். உள்ளே படர்ந்துவிட்ட பூஞ்சணத்தைத் தொடமாட்டா.

அவர் கண்டவற்றுள் எம் மாணவர் கருத்தூன்ற வேண்டியது இன்னொன்று. நோயின் வலிமை பூஞ்சணத்தில் மட்டும் இல்லை, தோட்டத்தின் அமைப்பிலும் இருந்தது. பலவகை மரம் செறிந்த காட்டில் வித்தி தனக்குரிய இலையை அடைவது அரிது. கோப்பியே நிறைந்த மலையில் எங்கே வீழ்ந்தாலும் அதற்கு விருந்துதான். காற்றைத் தடுக்க ஒரு மரவரிசையேனும் எஞ்சியிருக்கவில்லை. மீளமுடியாத எல்லை என்று இன்றைய அறிஞர் கூறுவதை அத்தோட்டங்கள் வார்ட் கப்பலேறுமுன்பே கடந்துவிட்டன. கடல் வழமையான கோடை வெப்பத்தைவிட ஒரு பாகை மிகுந்து சில வாரம் நின்றாற் பவளப்பாறை வெளிறிவிடும் என்பர். நிலாவெளிக்கு அப்பால் புறாத்தீவுப் பவளத்தைக் கண்ட எமக்கு இவ்வெல்லை ஏட்டுச் செய்தியன்று.

மருந்து கேட்ட தோட்டக்காரருக்கு வார்டின் விடை கசந்தது. அவர் 1882இல் நாடு திரும்பினார். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. கூலியற்ற தொழிலாளர் பலர் வந்த வழியே மீண்டனர். மலையிலே காடு திரும்பவில்லை; தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெயிலர் 1867இற் பத்தொன்பது ஏக்கரில் நட்ட பயிர் கோப்பியிருந்த மலைகளை மூடியது. ஒற்றைப் பயிரின் இடத்தில் மற்றோர் ஒற்றைப் பயிர்! 1946இல் அதற்கும் கொப்புள நோய் வந்தது; அதுவும் காற்றிற் பரவுவதே.

வார்ட் பின்னர் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியில் இந்தியக் காட்டதிகாரிகளுக்குத் தாவரவியல் கற்பித்தார்; 1888இல் வேத்தியற் சங்கத்தின் அங்கத்தவராகி, 1895இற் கேம்பிரிட்ஜிற் பேராசிரியரானார். மலைநாடுகளிற் செடி தேடித் திரிந்து புகழ்பெற்ற பிராங்க் கிங்டன் வார்ட் இவருடைய மைந்தர். 1906இல், ஐம்பத்திரண்டாம் வயதில் இவர் மறைந்தார். இலங்கைக் கோப்பியை அழித்த துருநோய் 1970இற் பிரேசில் நாட்டுத் தோட்டங்களிலும் காணப்பட்டது.