ஹகீம் இப்னு ஸீனாவும் மறைவிட நோயும்

ஹிஜ்ரி 370-ல் (கி.பி. 980) புகாராவை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தவர் அபூ அலீ இப்னு ஸீனா. பத்து வயதில் குர்ஆனை ஓதி முடித்தார். பதினெட்டு வயதாகும் முன்பே வைத்தியத்தில் பெயரெடுத்து, ஸாமானிய மன்னர் நூஹ் இப்னு மன்ஸூரின் சிகிச்சைக்கு அழைக்கப்பட்டார். அரண்மனை நூலகத்தைப் பார்வையிடும் அனுமதியைக் கேட்டுப் பெற்றார். விளங்காத விஷயம் எதிர்ப்பட்டால் பள்ளிவாசல் சென்று தொழுது துஆ செய்வார். பின்பு வீடு திரும்பி விளக்கடியில் ஆராய்வார். துஆவையும் முயற்சியையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

நாடுவிட்டு நாடு அலைந்தார், ஹமதானில் வஸீராக இருந்தார், சிறையும் கண்டார். இத்தனைக்கும் இடையே எழுதியதே அல்கானூன் ஃபித்திப் என்னும் பெருநூல். 1025-ஐ ஒட்டி முடிந்த இந்நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் பாடமாக இருந்தது. சதை அழுகிச் சாகும் நோய்களை அதில் விளக்கிய இப்னு ஸீனா, ஆண்களின் மறைவிடத்தைத் தாக்கும் அழுகலையும் குறித்துள்ளார் என மருத்துவ வரலாற்றாசிரியர்கள் கூறுவர். பாரிஸ் மருத்துவர் ஃபூர்னியே 1883-ல் இதை விவரித்ததால், இன்று அவர் பெயரால் வழங்குகிறது.

இதை நாம் இங்கே எழுதக் காரணம் உண்டு. ஆறுமுகநேரியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் சர்க்கரை வியாதி இல்லாத தெரு அரிது. சர்க்கரை உள்ளவர்களையே இந்நோய் அதிகம் பிடிக்கிறது, பெண்களுக்கும் வரலாம். சிறு கொப்புளமாகவோ ஆசனவாய்க் கட்டியாகவோ தொடங்கும். வெளியே தெரியும் புண்ணுக்குப் பொருந்தாத கடும் வலி, வீக்கம், காய்ச்சல், பிறகு தோல் கறுத்து துர்நாற்றம். நாள்கணக்கில் அல்ல, மணிக்கணக்கில் பரவும். களிம்பும் பற்றும் இதற்கு உதவா. செத்த சதையை உடனே அறுத்து அகற்றவேண்டும். சிலருக்கு இரண்டு மூன்று முறையும் தேவைப்படும். கூடவே நரம்பு வழியே நோய்க்கிருமிக் கொல்லி மருந்து, சர்க்கரைக் கட்டுப்பாடு. தகுந்த சிகிச்சையிலும் உயிரிழப்போர் உண்டு. தாமதித்தால் ஆபத்து பன்மடங்கு.

தாமதத்துக்கு நம் வீடுகளில் பெரும்பாலும் வெட்கமே காரணம். வெட்கம் ஈமானின் பகுதிதான். ஆயினும் அவ்ரத்தை வைத்தியரிடம் தேவையான அளவு காட்ட, நிர்ப்பந்த நிலையில் ஷரீஅத் அனுமதிக்கிறது. உயிரைக் காப்பது கடமை. ஆகவே வாப்பாவோ உம்மாவோ அவ்விடத்தில் வலி என்று முனகினால், மறுநாள் பார்ப்போம் என்று விடாமல் அன்றே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டும் தூரத்தில்தான் உள்ளது.

இப்னு ஸீனா ஹிஜ்ரி 428 ரமளானில் (1037) ஹமதானில் மறைந்தார். இறுதி நாள்களில் பொருளை ஏழைகளுக்கு ஈந்து, அடிமைகளை விடுதலை செய்து, குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார் என்பர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அவர் கூசாமல் எழுதியதை, நாம் கூசாமல் வைத்தியரிடம் சொல்வோமாக. ஆமீன்.