தேர்தலை ஜெயித்துக் கொடுத்தவர்: தீரர் சத்தியமூர்த்தி



தேர்தல் வந்துவிட்டால் பெரம்பலூரிலும் அரியலூரிலும் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். காலை 8 மணிக்கே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ தெருவுக்குள் வந்துவிடும். ஒரு சின்னம், ஒரு பாட்டு, கேட்டவுடன் மனதில் ஒட்டிக்கொள்ளும் ஒரு வாசகம், நான்கு ரோட்டில் பேச ஒரு சினிமா நட்சத்திரம். இதையெல்லாம் திட்டமிட்டுக் கொடுப்பதற்கு இப்போது கட்சிகள் சம்பளம் கொடுத்து ஆட்களை வைத்துக்கொள்கின்றன. தேர்தல் வியூக வகுப்பாளர் என்று அவர்களுக்குப் பெயர்.

ஏறக்குறைய 90 ஆண்டுகளுக்கு முன்பே, சம்பளம் இல்லாமல், தொலைக்காட்சியும் செல்போனும் இல்லாமல் இந்த வேலையைச் செய்து ஒரு பெரிய தேர்தலை ஜெயித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். அவர்தான் தீரர் எஸ். சத்தியமூர்த்தி. சென்னையில் காங்கிரஸ் கட்சியின் அலுவலகத்துக்கு சத்தியமூர்த்தி பவன் என்று பெயர். அந்தப் பெயரைக் கேட்டவர்கள் பலர் இருந்தும், மனிதரைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். அதனால்தான் இந்த இதழுக்கு அவரைப் பற்றி எழுதுகிறேன்.

திருச்சி தாண்டி, புதுக்கோட்டை வழியாகக் காரைக்குடி போகிறவர்கள் சாலையோரம் திருமயம் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருமயத்தில் 1887 ஆகஸ்ட் 19 அன்று பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவர். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், பிறகு சென்னை கிறிஸ்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் படித்து வழக்கறிஞர் ஆனார். ஆனால் அவர் மனம் அரசியலில்தான் இருந்தது. 1919இல் காங்கிரஸ் தூதுக் குழுவில் ஒருவராக இங்கிலாந்து சென்றார். 1923இல் சுயராஜ்யக் கட்சி சார்பில் சென்னை சட்டசபைக்குப் பல்கலைக்கழகத் தொகுதியிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928இல் பாரதியார் பாடல்களை அரசு பறிமுதல் செய்தபோது சபையில் அதை எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேறவும் செய்தவர் அவர்தான்.

அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. சென்னை சுகுண விலாச சபா நாடகங்களில் வேஷம் கட்டி நடித்திருக்கிறார். படித்தவர்கள் நாடகக்காரர்களை ஒரு படி கீழே வைத்துப் பார்த்த காலம் அது. மேடையும் பாட்டும் ஜனங்களை எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதை அவர் உள்ளேயிருந்து பார்த்துத் தெரிந்துகொண்டார். பின்னால் தேர்தலில் அதுவே அவருக்குக் கைகொடுத்தது.

1937 பிப்ரவரியில் சென்னை மாகாணத் தேர்தல் நடந்தது. நம் இரண்டு மாவட்டங்களும் அப்போது திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் இருந்தன. ஆந்திரப் பகுதி, மலபார் எல்லாம் சேர்ந்த மிகப் பெரிய மாகாணம் அது. எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து, வரி, படிப்பு போன்ற தகுதி உள்ளவர்களுக்கு மட்டும்தான். எதிரில் இருந்தது பல ஆண்டுகள் ஆட்சி செய்த நீதிக்கட்சி. ஜமீன்தார்களும் பெரிய நிலக்காரர்களும் அதன் பக்கம் இருந்தார்கள். தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டிக்கு அப்போது தலைவர் சத்தியமூர்த்தி.

ஓட்டுப் போடும் முறையும் வேறு. வேட்பாளருக்கு ஒரு நிறம் என்று தனித்தனிப் பெட்டி வைத்திருப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போட்டுவிடலாம். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. கிராமத்துக்குப் போய் அரசியல் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தால் யார் கேட்பார்கள்? காந்தியின் பெயரையும் மஞ்சள் பெட்டியையும் சேர்த்து ஜனங்கள் மனதில் பதிய வைத்தார்கள். நம் வீடுகளில் மஞ்சள் மங்கலமான நிறம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அடுத்தது பாட்டு. நாடக மேடையில் புகழின் உச்சியில் இருந்த கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள், கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்த பிறகு ஒதுங்கி இருந்தார். அவரைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்து வந்தவர்களில் முக்கியமானவர் சத்தியமூர்த்தி. அந்த வெண்கலக் குரலைக் கேட்கக் கூட்டம் கூடும். கூடிய கூட்டத்துக்குச் சத்தியமூர்த்தி பேசுவார். டெல்லி சபையில் ஆங்கிலத்தில் வெளுத்து வாங்கும் அதே மனிதர், ஊர்ப் பொட்டலில் ஊர்க்காரர் தமிழில் பேசுவார். இன்றைய நட்சத்திரப் பிரசாரத்துக்கு விதை அங்கேதான் விழுந்தது.

முடிவு என்ன? 215 இடங்களில் காங்கிரசுக்கு 159. பிரதமராக இருந்தவர்களில் ஒருவரான பொப்பிலி ராஜாவே வி.வி. கிரியிடம் தோற்றார்.

இனிமேல்தான் மனதைத் தைக்கிற பகுதி. சத்தியமூர்த்தி சட்டசபைக்குப் போயிருந்தால் மந்திரிசபையில் அவருக்கு முக்கிய இடம் கிடைத்திருக்கும். ஆனால் அவருக்குப் பழக்கமான பல்கலைக்கழகத் தொகுதியில் ராஜாஜி நிற்க, இவர் விட்டுக்கொடுத்தார். 1937 ஜூலையில் ராஜாஜி முதல் மந்திரி ஆனார். ஊர் ஊராக அலைந்து தொண்டை கட்டப் பேசியவர் மந்திரிசபைக்கு வெளியே நின்றார். வங்கி பாஷையில் சொன்னால், டெபாசிட் கட்டியது ஒருவர், பாஸ்புக் இன்னொருவர் பெயரில். அதற்காக அவர் கட்சியை விட்டுப் போகவில்லை. டெல்லி மத்திய சட்டசபையில் தன் வேலையைத் தொடர்ந்தார்.

1939இல் சென்னை மேயரானார். நகரத்தின் தண்ணீர்ப் பஞ்சத்துக்கு வழிதேடி, கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் அமைய முன்னின்றார். 1944இல் அது திறக்கப்பட்டபோது அவர் உயிருடன் இல்லை. சத்தியமூர்த்தி சாகர் என்று அவர் பெயரே அதற்கு உண்டு. லாரித் தண்ணீருக்குக் காத்திருந்து பழகிய நமக்கு இதன் அருமை புரியும்.

அவர் குறையே இல்லாதவர் அல்ல. தேவதாசி முறையை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடியபோது எதிர்த்துப் பேசியவர்களில் இவரும் ஒருவர். அந்த விஷயத்தில் காலம் டாக்டர் அம்மையார் பக்கம்தான் தீர்ப்பு சொல்லியது. ஒருவரை மதிப்பதற்கு அவர் செய்த தவறை மறைக்க வேண்டியதில்லை.

அவர் கண்டெடுத்த பெரிய செல்வம் காமராஜர். விருதுநகரிலிருந்து வந்த அந்த இளைஞரை 1936இல் தன் செயலாளராக்கினார். 1940இல் காமராஜர் தமிழ்நாடு காங்கிரஸ் தலைவரானபோது, குரு சிஷ்யனுக்குக் கீழே செயலாளராகப் பணியாற்றினார். நாற்காலிக்குச் சண்டை போடும் உலகில் இப்படி இறங்கி உட்கார எத்தனை பேருக்கு மனம் வரும்?

1942 ஆகஸ்ட் போராட்டத்தில் கைதாகி அமராவதி சிறைக்குக் கொண்டு போகப்பட்டார். முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு உடல் குலைந்தது. 1943 மார்ச் 28 அன்று சென்னை அரசு பொது மருத்துவமனையில் காலமானார். வயது 55. சுதந்திரத்துக்கு இன்னும் 4 ஆண்டுகள்தான் பாக்கி இருந்தன.

1947 ஆகஸ்ட் 15 அன்று காமராஜர் சத்தியமூர்த்தியின் வீட்டுக்குப் போய் அங்கே தேசியக் கொடியை ஏற்றினார் என்பது பலரும் சொல்லும் செய்தி. பதவி தராத மரியாதையைச் சிஷ்யன் தந்தார்.

நம் சங்கத்திலும் மகாசபைக் கூட்டம், நிர்வாகிகள் தேர்தல் எல்லாம் நடக்கின்றன. நோட்டீஸ் எழுதி வீடு வீடாகக் கொடுப்பவர், மோட்டார் பழுதானால் ராத்திரியில் இறங்கிப் பார்ப்பவர், பண்டிகைக்குப் பந்தல் போட ஓடுபவர் என்று சிலர் எந்தப் பொறுப்பிலும் இல்லாமலே உழைக்கிறார்கள். அடுத்த கூட்டத்தில் அவர்கள் பெயர்களையும் நடவடிக்கைக் குறிப்பில் எழுதி வைக்கலாம் என்பது என் யோசனை. குழந்தைகளை அழைத்துக்கொண்டு புதுக்கோட்டைப் பக்கம் போகும்போது திருமயத்தில் வண்டியை நிறுத்தி, கோட்டையைக் காட்டி, இந்த ஊரில் பிறந்தவரின் கதையையும் சொல்லுங்கள்.