14 வயதில் பள்ளியை விட்டவர் உருவாக்கிய சினிமா ‘பாடப்புத்தகம்’: யார் இந்த ட்ரூஃபோ?

சினிமா எடுக்கத் துடிக்கிற யாரிடமாவது, எந்தப் புத்தகத்தில் இருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் அடுக்கும் முதல் நாலைந்து பெயர்களில் ‘ஹிட்ச்காக்/ட்ரூஃபோ’ பெரும்பாலும் இருக்கும். ஒரு இயக்குநர் கேள்வி கேட்க, இன்னொரு இயக்குநர் பதில் சொல்லும் புத்தகம் அது. பதில் சொன்னவர் ‘சைக்கோ’ எடுத்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக். கேள்வி கேட்டவர் ஃப்ரான்சுவா ட்ரூஃபோ.

அந்தக் கேள்விகளைக் கேட்டபோது ட்ரூஃபோவுக்கு வயது 30. 3 முழுநீளப் படங்களை முடித்து, உலக அளவில் பெயர் வாங்கியிருந்தார். தன் அடுத்த படத்தை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இன்னொருவரின் படங்களைப் பற்றிய புத்தகத்துக்காக 4 வருடம் மெனக்கெட்டார். ஏன்? அதற்கு அவருடைய சின்ன வயதுக்குப் போக வேண்டும்.

தியேட்டர்தான் பள்ளிக்கூடம்

1932 பிப்ரவரி 6-ல் பாரிஸில் பிறந்தார் ட்ரூஃபோ. தாய்க்கு அப்போது திருமணம் ஆகவில்லை. பிறகு தாயை மணந்தவர்தான் பிள்ளைக்குத் தன் பெயரைக் கொடுத்தார். சிறுவன் வளர்ந்தது பாட்டியிடம். புத்தக ஆசையை ஊட்டியதும் பாட்டிதான். அவர் இறந்த பிறகு தாயின் வீட்டுக்கு வந்தான். அங்கே அவனை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் கிடைக்காதது தியேட்டர் இருட்டில் கிடைத்தது. ஸ்கூலுக்கு மட்டம் போட்டுவிட்டு, டிக்கெட் இல்லாமல் நழுவி உள்ளே போய்ப் படம் பார்ப்பான். பிடித்த படத்தைத் திரும்பத் திரும்பப் பார்ப்பான். 14 வயதில் படிப்புக்கே முழுக்குப் போட்டாச்சு.

கைதூக்கிவிட்ட பஸான்

1948-ல், 16 வயதில், சொந்தமாக ஒரு ஃபிலிம் கிளப் ஆரம்பித்தார். அதே நேரத்தில் இன்னொரு கிளப்பும் படம் காட்டியது. கூட்டம் பிரிகிறதே, நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போனார். அங்கே இருந்தவர் ஆந்த்ரே பஸான். பிரான்ஸின் மிக முக்கியமான சினிமா விமர்சகர். ஆசிரியர் வேலைக்குப் படித்தும் திக்குவாயால் அந்த வேலை கிடைக்காமல் போனவர்.

கிளப் நஷ்டமானது, கடன் ஏறியது. வளர்ப்புத் தந்தையே பையனை போலீஸில் ஒப்படைத்துவிட்டார். சிறார் காப்பகத்தில் இருந்த ட்ரூஃபோவுக்குப் பொறுப்பேற்று வெளியே கொண்டுவந்தவர் பஸான். பிறகு ராணுவத்தில் தானாகச் சேர்ந்து, மனம் மாறித் தப்பி ஓடி, ராணுவச் சிறையில் மாட்டிக்கொண்டார். அப்போதும் பஸான்தான் வந்தார். விடுதலையானதும் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள் பஸானும் அவர் மனைவி ஜானினும்.

உருப்படாத பையன் என்று ஊரே முடிவு கட்டிய ஒருவரிடம் ஏதோ இருக்கிறது என்று பஸான் மட்டும் நம்பினார்.

நொறுக்கித் தள்ளிய விமர்சகர்

1951-ல் பஸானும் நண்பர்களும் தொடங்கிய பத்திரிகை ‘கையே து சினிமா’. அதில் ட்ரூஃபோ எழுத ஆரம்பித்தார். 1954 ஜனவரியில் வந்த அவருடைய கட்டுரை பிரெஞ்சு சினிமாவில் வெடிகுண்டு போல விழுந்தது. நாவல்களை அலங்காரமாகப் படமாக்கிக்கொண்டிருந்த பெரிய தலைகளைப் போட்டுத் தாக்கினார். ஒரு படத்தில் தெரிய வேண்டியது அதன் இயக்குநரின் பார்வை என்று வாதாடினார். விமர்சனங்கள் அவ்வளவு காரம். 1958 கான் திரைப்பட விழாவில் அவருக்கு அனுமதி அட்டையே கொடுக்கவில்லை.

அடுத்த வருடமே அதே கானில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். படம் ‘தி 400 ப்ளோஸ்’. வீட்டிலும் பள்ளியிலும் இடமில்லாத ஒரு சிறுவனின் கதை, பெருமளவு அவருடைய கதைதான். ஆனால் அந்த வெற்றியைப் பஸான் பார்க்கவில்லை. 1958 நவம்பரில் படப்பிடிப்பு தொடங்கிய அன்று இரவே, ரத்தப் புற்றுநோயால் 40 வயதில் அவர் இறந்துபோனார். படம் அவருக்குத்தான் சமர்ப்பணம்.

ஒரு கடிதம், ஒரு வாரம்

1962-ல் நியூயார்க் போன ட்ரூஃபோவுக்கு ஓர் ஆச்சரியம். ஹிட்ச்காக்கை ஏன் இவ்வளவு தூக்கி வைத்துக் கொண்டாடுகிறீர்கள் என்று அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு ஹிட்ச்காக் என்றால் டிவியில் வருகிற குண்டு மனிதர், திகில் படம் எடுத்துக் காசு பார்ப்பவர், அவ்வளவுதான். சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கருக்கு 5 முறை பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

பாரிஸ் திரும்பியதும் ட்ரூஃபோ அவருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒவ்வொரு படமாக எடுத்து உட்கார்ந்து பேசலாமா என்பதுதான் கோரிக்கை. நெகிழ்ந்துபோன ஹிட்ச்காக் தந்தியில் சம்மதம் சொன்னார்.

இருவரும் முன்பே சந்தித்தவர்கள்தான். 1955 குளிர்காலத்தில் ஹிட்ச்காக்கைப் பேட்டி எடுக்கப் போன ட்ரூஃபோவும் நண்பர் க்ளோத் ஷப்ரோலும், ஸ்டூடியோ முற்றத்தில் உறைந்திருந்த குளத்தில் டேப் ரெக்கார்டரோடு விழுந்தார்கள். சொட்டச் சொட்ட நின்ற அந்த இரண்டு பேரை ஹிட்ச்காக் மறக்கவே இல்லை.

1962 ஆகஸ்ட் 13, ஹிட்ச்காக்கின் 63-வது பிறந்தநாள். அன்று ஹாலிவுட்டின் யுனிவர்சல் ஸ்டூடியோவில் உரையாடல் ஆரம்பித்து ஒரு வாரம் ஓடியது. ட்ரூஃபோவுக்கு ஆங்கிலம் சரியாக வராது. ஹெலன் ஸ்காட் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். பேசியது ஒரு வாரம் என்றாலும் எழுதி, திருத்தி, படங்கள் சேர்த்துப் புத்தகமாக வர 1966 ஆகிவிட்டது. அடுத்த வருடம் ஆங்கிலப் பதிப்பு வந்தது.

அப்படி என்ன இருக்கு அதில்?

கிசுகிசு இல்லை, தத்துவ விளக்கமும் இல்லை. இந்த ஷாட்டை எப்படி எடுத்தீர்கள், ஏன் அப்படி எடுத்தீர்கள் என்று ஒரு மாணவன் மாதிரி கேட்டுக்கொண்டே போகிறார் ட்ரூஃபோ.

உதாரணம், சஸ்பென்ஸ். மேசையில் சிலர் பேசிக்கொண்டிருக்கும்போது திடீரென குண்டு வெடித்தால் நமக்குச் சில நொடி அதிர்ச்சி. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது அவர்களுக்குத் தெரியாமல் நமக்கு மட்டும் முன்பே தெரிந்தால்? அவர்கள் பேசும் வெட்டிப் பேச்சுகூட நம்மைப் பதற வைக்கும். ரகசியத்தை மறைப்பதைவிடச் சொல்லிவிடுவதே மேல் என்பது ஹிட்ச்காக்கின் கணக்கு. இன்றைய த்ரில்லர்கள் பலவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

இன்னொன்று, 1941-ல் வந்த ‘சஸ்பிஷன்’. கணவன் பால் டம்ளரோடு படியேறி வருகிறான். அதில் விஷம் இருக்குமோ? நம் கண் டம்ளரை விட்டு நகரக்கூடாது என்பதற்காகப் பாலுக்குள்ளேயே ஒரு சின்ன விளக்கை வைத்து ஒளிர விட்டார் ஹிட்ச்காக்.

குறை இல்லாமல் இல்லை. எல்லாப் பெருமையும் இயக்குநர் ஒருவருக்கே போகிறது. கதாசிரியர்கள், எடிட்டர்கள், படத்துக்குப் படம் உடனிருந்த மனைவி ஆல்மா ரெவில் எல்லோரும் பின்னால் போய்விடுகிறார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

கடைசி அத்தியாயம்

புத்தகம் வந்த அதே 1966-ல் ட்ரூஃபோ இயக்கிய ‘ஃபாரன்ஹீட் 451’ வெளியானது. புத்தகங்களைத் தேடித்தேடி எரிக்கும் அரசு, அவற்றை மனப்பாடம் செய்து காப்பாற்றும் மனிதர்கள் என்று போகும் கதை. 1975-ல் தன் பழைய விமர்சனங்களை ‘தி ஃபிலிம்ஸ் இன் மை லைஃப்’ என்று தொகுத்தார். அதுவும் சினிமா ரசிகர்களின் அலமாரியில் இருக்க வேண்டியது.

ஹிட்ச்காக்கோடு நட்பு கடைசிவரை தொடர்ந்தது. 1980-ல் அவர் இறந்த பிறகு, கடைசிப் படங்களையும் கடைசி வருடங்களையும் பற்றி ஒரு அத்தியாயம் சேர்த்துப் புத்தகத்தைப் புதுப்பித்தார் ட்ரூஃபோ. அந்தப் பதிப்பு பிரெஞ்சில் 1983-ல் வந்தது. அதே வருடம் வெளியான கறுப்பு வெள்ளை த்ரில்லர் ‘கான்ஃபிடென்ஷியலி யுவர்ஸ்’, ஹிட்ச்காக் பாணியில் அவர் எடுத்த படம். அதுவே அவருடைய கடைசிப் படமாகவும் ஆனது. மூளைக் கட்டியால் 1984 அக்டோபர் 21-ல் 52 வயதில் இறந்தார்.

பஸான் தனக்குச் செய்ததை ட்ரூஃபோ ஹிட்ச்காக்குக்குச் செய்தார் என்று சொல்லலாம். யாரும் சீரியஸாக எடுத்துக்கொள்ளாத ஒருவரை எதிரே உட்காரவைத்து, பொறுமையாகக் கேட்டார். இன்று ஹிட்ச்காக்கைப் பல்கலைக்கழகங்களில் பாடமாகப் படிக்கிறார்கள் என்றால் அதில் இந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. 2015-ல் இந்தப் புத்தகத்தைப் பற்றியே ஓர் ஆவணப்படம் வந்தது. மார்ட்டின் ஸ்கோர்செஸி, டேவிட் ஃபின்ச்சர் என்று பலர் அதில் பேசுகிறார்கள்.

முதல்முறை படிக்கப் போகிறீர்களா? மொத்தமாக ஒரே மூச்சில் முடிக்க வேண்டாம். முதலில் ‘ரியர் விண்டோ’ பாருங்கள். பிறகு அந்தப் படத்தைப் பற்றிய பக்கங்களைப் படியுங்கள். அப்புறம் மறுபடியும் படத்தைப் போட்டுப் பாருங்கள். முதல் தடவை கண்ணில் படாதது எவ்வளவு என்று தெரியும்.