சர்க்கரை, பிரெட், உருளைக்கிழங்குக்கு 'நோ': 160 வருஷத்துக்கு முன்பே லோ-கார்ப் டயட்டில் ஜெயித்த லண்டன்காரர்! யார் இந்த வில்லியம் பாண்டிங்?

பேலியோ, கீட்டோ என்று இன்று பல பெயர்களில் லோ-கார்ப் டயட் பேசப்படுகிறது. ஆரம்பிப்பது ஈஸி. நாலாவது நாள் இனிப்பைப் பார்த்ததும் கை தானாக நீளும்போதுதான் சிக்கலே. இதே போராட்டத்தை 1862-லேயே, அதுவும் 65 வயதுக்கு மேல் நடத்தி ஜெயித்தவர் வில்லியம் பாண்டிங். அவர் டாக்டர் இல்லை. லண்டனில் இறுதிச் சடங்கு ஏற்பாடு செய்து தரும் தொழில் செய்தவர்.

யார் இவர்?

பாண்டிங் குடும்பத்தின் நிறுவனம் சாதாரணமானது அல்ல. மன்னர் மூன்றாம் ஜார்ஜ் (1820), வெலிங்டன் பிரபு (1852), விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் (1861) ஆகியோரின் இறுதிச் சடங்கு ஏற்பாடுகளைச் செய்தது இந்தக் குடும்ப நிறுவனம்தான்.

வசதி, மரியாதை எல்லாம் இருந்தது. ஆனால் உடம்பு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உயரம் 5 அடி 5 அங்குலம். 1862 ஆகஸ்ட்டில் எடை 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிந்து ஷூ லேஸ் கட்ட முடியாது. முழங்கால், கணுக்காலில் பாரம் விழக் கூடாது என்பதற்காக மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவார். பொது இடங்களில் யாராவது கிண்டல் செய்வார்களோ என்று கூட்டத்துக்குப் போவதையே தவிர்த்தார்.

முயற்சி செய்யாமல் இருந்தாரா?

செய்யாத முயற்சியே இல்லை. தினமும் காலையில் இரண்டு மணி நேரம் படகு ஓட்டினார். கை, காலுக்கு வலு வந்தது. கூடவே அகோரப் பசியும் வந்தது! அடக்க முடியாமல் சாப்பிட்டார், எடை இன்னும் ஏறியது. கடைசியில் டாக்டர் நண்பர் ஒருவர் சொல்லித்தான் படகை விட்டார்.

குதிரை சவாரி, நீராவிக் குளியல், லீமிங்டன், செல்டன்ஹாம், ஹாரோகேட் ஊற்று நீர் என்று சுற்றினார். எதுவுமே வேலைக்கு ஆகவில்லை.

திருப்பம் எங்கே வந்தது?

காது சரியாகக் கேட்கவில்லை என்று காது டாக்டர் வில்லியம் ஹார்வியிடம் போனார். பிரச்னை காதில் இல்லை, உடம்பில் சேர்ந்த கொழுப்பில் என்றார் ஹார்வி. கல்லீரலுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பு பற்றி விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் பாரிஸில் நடத்திய சொற்பொழிவுகளைக் கேட்டவர் அவர். மாவும் சர்க்கரையும் உள்ள உணவைக் குறைத்தால் கொழுப்பும் குறையும் என்று கணக்குப் போட்டார்.

அவர் கொடுத்த 'தடை லிஸ்ட்' இதுதான்:

- பிரெட்
- வெண்ணெய்
- பால்
- சர்க்கரை
- பீர்
- உருளைக்கிழங்கு

பாண்டிங்குக்கு அதிர்ச்சி. அத்தனை வருஷமாக அவர் சாப்பாட்டில் முக்கால்வாசி இதுதான்! காலையில் பாலில் ஊறிய பிரெட், அல்லது பாலும் சர்க்கரையும் தாராளமாகப் போட்ட டீயோடு வெண்ணெய் தடவிய டோஸ்ட். மதியம் இறைச்சியோடு நிறைய பிரெட், பீர், பேஸ்ட்ரி. இரவில் பழ டார்ட். இதெல்லாம் உடம்புக்கு ஒன்றும் செய்யாது என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்.

ஆசையை எப்படி சமாளித்தார்?

அவருடைய உணவு அட்டவணையைப் பார்த்தால் சில விஷயங்கள் புரியும்.

*பட்டினி இல்லை:* ஒரு நாளைக்கு நான்கு வேளை. காலையில் 4-5 அவுன்ஸ் (சுமார் 110-140 கிராம்) இறைச்சி அல்லது மீன். மதியம் மீன், இறைச்சி, உருளைக்கிழங்கு தவிர்த்த காய்கறி. மாலையில் கொஞ்சம் பழம், பால், சர்க்கரை இல்லாத டீ. இரவில் மறுபடி இறைச்சி அல்லது மீன். படகு ஓட்டியபோது பசியிடம் தோற்றவர், இந்த முறை பசிக்கே இடம் கொடுக்கவில்லை.

*முழுத் தடை இல்லை:* பிரெட்டை ஒரேயடியாக நிறுத்தவில்லை. காய்ந்த டோஸ்ட் ஒரு அவுன்ஸ் மட்டும், கிட்டத்தட்ட ஒரு துண்டு.

*மாற்று வழி:* புட்டிங் வந்தால் அதிலிருக்கும் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்வார். மாவுப் பகுதி அப்படியே தட்டில் இருக்கும்.

*எடைக் கணக்கு:* பெரும்பாலும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்து எழுதி வைத்தார். ஒவ்வொரு முறையும் இரண்டு, மூன்று பவுண்டு குறைவதைக் கண்ணால் பார்த்தவருக்கு, பழைய டார்ட் மேல் ஆசை தங்குமா?

ரிசல்ட் என்ன?

1863 ஆகஸ்ட் 26-ல் எடை 156 பவுண்டு, சுமார் 71 கிலோ. ஒரு வருஷத்தில் 46 பவுண்டு காலி. இடுப்புச் சுற்றளவு 12 அங்குலத்துக்கு மேல் குறைந்தது. காது நன்றாகக் கேட்டது. மாடிப்படியில் நேராக இறங்கினார்.

1863-லேயே தன் அனுபவத்தைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். கேட்பவர்கள் கூட்டம் பெருகியதும் விலைக்கு விற்று, லாபத்தை தர்ம காரியங்களுக்குக் கொடுத்தார். மருத்துவ உலகில் ஒரு பகுதியினர் அவரையும் ஹார்வியையும் கேலி செய்தார்கள். பாண்டிங் அசரவில்லை. தன் உடம்பையே சோதனைக் கூடமாக்கினார். ஒரு வாரத்தில் மொத்தம் 5 அவுன்ஸ் (சுமார் 140 கிராம்) சர்க்கரை சேர்த்துப் பார்த்தார். எடை கிட்டத்தட்ட ஒரு பவுண்டு ஏறியது. தன் எதிரி யார் என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது.

அதன் பிறகு?

1878-ல் 81 வயதில் காலமானார். அவர் பெயர் மட்டும் மறையவில்லை. டயட்டில் இருப்பதற்கு ஸ்வீடிஷ் மொழியில் இன்றும் 'பாண்டா' என்றுதான் சொல்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் லோ-கார்ப் உணவுமுறைக்குப் பெயரே 'பாண்டிங்'.

கவனிக்க வேண்டியது

பாண்டிங்கின் மெனுவில் தினமும் ஒயினும் இருந்தது. அதை இன்று எந்த டாக்டரும் பரிந்துரைக்க மாட்டார். சுகர் மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் குறைக்கவே கூடாது. பாண்டிங்கே டாக்டர் சொல்லித்தான் இதில் இறங்கினார் என்பதை மறந்துவிட வேண்டாம்.