ஹவா சிங்: 15 நாள் தாமதமாக வந்த விருது

2008 பீஜிங் ஒலிம்பிக்ஸுக்குப் போன 5 இந்தியக் குத்துச்சண்டை வீரர்களில் 4 பேர், ஹரியானாவின் பிவானியில் பயிற்சி பெற்றவங்க. அதில் ஒருவரான விஜேந்தர் சிங், இந்தியாவுக்குக் குத்துச்சண்டையில் முதல் ஒலிம்பிக் பதக்கம் வாங்கித் தந்தார். ஒரே ஊருக்கு இது எப்படிச் சாத்தியமாச்சுனு தேடினா, நீங்க ஹவா சிங்கிடம்தான் போய் நிப்பீங்க.

யார் இவர்?

1937-ல் பிவானி பகுதியின் உமர்வாஸ் கிராமத்தில் பிறந்தவர். 1956-ல் ராணுவத்தில் சேர்ந்தார். பரிசுப் பணத்துக்காக மோதாத அமெச்சூர் வீரர். 1961-லிருந்து தொடர்ந்து 11 முறை ஹெவிவெயிட் பிரிவில் தேசிய சாம்பியன். ஒருமுறை ஜெயிப்பதே கஷ்டம். 11 முறைன்னா யோசிச்சுப் பாருங்க.

கைநழுவிய வாய்ப்பு

1962 ஆசியப் போட்டிக்கு அவரால் போக முடியலை. சீன எல்லையில் போர் மேகம் சூழ்ந்த நேரம். அவரோ ராணுவ வீரர். 4 ஆண்டு காத்திருந்தார். 1966-ல் பாங்காக்கில் தங்கம். அதே ஆண்டு அர்ஜுனா விருது. 1970-ல் அதே பாங்காக்கில் மறுபடியும் தங்கம். அடுத்தடுத்த இரண்டு ஆசியப் போட்டிகளில் தங்கம் வென்ற இந்தியக் குத்துச்சண்டை வீரர் இவர் மட்டும்தான்.

பிறகு என்ன செய்தார்?

ஊருக்கே திரும்பி, பிவானி பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அதற்காகத் துரோணாச்சாரியா விருது அறிவிக்கப்பட்டது. ஆனா விழாவுக்கு 15 நாள் முன்பு, 2000 ஆகஸ்ட் 14-ல் திடீர்னு காலமானார். விருதை வாங்கியது அவர் மனைவி அங்கூரி தேவி.

விஜேந்தர் கழுத்தில் ஒலிம்பிக் பதக்கம் ஏறியபோது, ஹவா சிங் இறந்து 8 ஆண்டுகள் ஆகியிருந்தன.