பெயரை மறைத்துக் கணக்குப் போட்ட சோபி



இந்த மாதச் சுவரிதழுக்கு ஒரு விஞ்ஞானியின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொல்லி கணக்கு டீச்சர் எனக்கு இந்தத் தாளைக் கொடுத்தார். மேரி கியூரி அம்மையாரைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவரைப் பற்றி நம் எல்லோருக்கும் தெரியும். வேற யாராச்சும் இருந்தா சொல்லுங்க டீச்சர்னு கேட்டேன். டீச்சர் பீரோவிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்துக் கொடுத்து, இதில் சோபி ஜெர்மேன் என்று ஒருத்தர் வருவார், படித்துப் பார் என்றார். படித்தேன். ரெண்டு நாளா எனக்கு அதே நெனப்புதான்.

சோபி ஜெர்மேன் 1776-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி பிரான்சு நாட்டின் பாரிஸ் நகரில் பிறந்தார். (ஏப்ரல் ஒண்ணுன்னு சிரிக்காதீங்க.) அப்பா பட்டு வியாபாரி, வசதியான குடும்பம். சோபிக்கு 13 வயது நடக்கும்போது, 1789-இல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தெருவெல்லாம் கலவரம். பெண் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியுமா? வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்த சோபிக்கு அப்பாவின் புத்தக அலமாரிதான் துணை.

அந்த அலமாரியில் இருந்த ஒரு கணித வரலாற்றுப் புத்தகத்தில் ஆர்க்கிமிடீஸின் கதை இருந்தது. நமக்குத் தெரிந்த ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து எழுந்து ஓடுபவர். சோபி படித்தது அவர் செத்துப்போன கதை. கி.மு. 212-இல் ரோமானியப் படை சிராகூஸ் நகரைப் பிடித்தபோது, அவர் ஒரு வட்டத்தை வரைந்து வைத்துக்கொண்டு அதிலேயே மூழ்கி இருந்தாராம். சிப்பாய் வந்து கூப்பிட்டதைக் கூடக் கவனிக்கவில்லையாம். வெட்டிவிட்டான். உயிர் போகிற நேரத்திலும் ஒருவரை எழுந்திருக்க விடாத அந்தக் கணக்கில் அப்படி என்னதான் இருக்கிறது என்று சோபிக்கு ஆசை வந்துவிட்டது. இதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நமக்கெல்லாம் கணக்கைப் பார்த்தால் பயம்தானே வருது!

யாரும் சொல்லிக் கொடுக்காமலே படிக்க ஆரம்பித்தார். நியூட்டன், ஆய்லர் எழுதிய புத்தகங்கள் லத்தீன் மொழியில் இருந்ததால் முதலில் லத்தீனைத் தானாகவே கற்றார். வீட்டில் பிடிக்கவில்லை. பொம்பளப் புள்ளைக்குக் கணக்கு எதுக்கு, உடம்பு கெட்டுப்போகும் என்று பயந்தார்கள். ராத்திரியில் எழுந்து படிக்கக் கூடாது என்று அறையில் தீ மூட்டுவதை நிறுத்தினார்கள், மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டார்கள், குளிருக்குப் போடும் உடைகளைக் கூட ஒளித்து வைத்தார்கள். பாரிஸில் குளிர்காலம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். சோபி எல்லோரும் தூங்கும் வரை காத்திருந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு, மறைத்து வைத்திருந்த மெழுகுவர்த்தியை ஏற்றிப் படித்தார். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் மேசையிலேயே தூங்கிக் கிடக்கிறார். சிலேட்டு நிறையக் கணக்கு. மைக்கூட்டில் இருந்த மை உறைந்து கட்டியாகிவிட்டதாம். அதற்கப்புறம் வீட்டில் தடுக்கவில்லை. அவர் அப்பா கடைசி வரை செலவுக்குப் பணம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார். சோபி கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

எங்க வீட்டிலும் ஒன்பது மணிக்கு லைட்டை அணைச்சிடுவாங்க. ஆனா அது வேற. அப்பா விடியக்காலம் நாலு மணிக்கு எழுந்து பால் கறக்கப் போகணும். அதனால் அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

1794-இல் பாரிஸில் ஒரு பெரிய பொறியியல் கல்லூரி திறந்தார்கள். எக்கோல் பாலிடெக்னிக் என்று பெயர். (வாய்க்குள் நுழைய எனக்கு ஒரு நாள் ஆச்சு.) பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. சோபிக்கு அப்போது 18 வயது. அங்கே நடக்கும் பாடங்களின் குறிப்புகளை எப்படியோ வாங்கி வீட்டில் வைத்துப் படித்தார். மாணவர்கள் ஆசிரியருக்குத் தங்கள் கருத்தை எழுதிக் கொடுக்கலாம் என்று ஒரு வழக்கம் இருந்தது. சோபியும் எழுதிக் கொடுத்தார். ஆனால் லெ பிளாங்க் என்ற ஆண் பெயரில்! படித்துப் பார்த்தவர் லக்ராஞ்சி என்ற பெரிய கணித மேதை. இவ்வளவு நன்றாக எழுதிய பையனை நேரில் பார்க்க வேண்டும் என்றார். வந்து நின்றதோ ஒரு பெண். லக்ராஞ்சி கோபப்படவில்லை, பாராட்டினார். நல்லவர்.

அதே பெயரில் 1804-இல் ஜெர்மனியில் இருந்த காஸ் என்பவருக்கும் கடிதம் எழுதினார். (காஸ் என்றால் அடுப்பு கேஸ் இல்லை. கணித இளவரசர் என்று அவரைச் சொல்வார்கள்.) 1806-இல் நெப்போலியனின் படை காஸ் வாழ்ந்த பிரன்ஸ்விக் ஊரைப் பிடித்தது. உடனே சோபிக்கு ஆர்க்கிமிடீஸின் நினைவு வந்துவிட்டது. இவரையும் ஒரு சிப்பாய் வெட்டிவிட்டால்? குடும்பத்துக்குத் தெரிந்த பெர்னெட்டி என்ற தளபதிக்குச் சொல்லி அனுப்பினார். காஸ் பத்திரமாக இருக்கிறாரா என்று பார்க்க ஓர் அதிகாரி நேரில் போனார். காஸுக்கு ஒன்றுமே புரியவில்லை. சோபி ஜெர்மேனா, யார் அது? பிறகுதான் சோபி உண்மையை எழுதினார். காஸும் கோபப்படவில்லை. ஒரு பெண் இத்தனை தடைகளைத் தாண்டி எண்களின் ரகசியத்துக்குள் போக வேண்டுமானால் அவளுக்கு எவ்வளவு துணிச்சல் இருக்க வேண்டும் என்று வியந்து பதில் எழுதினார். இந்த இடத்தை நான் மூணு தடவை படிச்சேன்.

அவர் செய்த ஆராய்ச்சி ஒரே துறையில் இல்லை. ஒன்று எண் கணிதம். 3-இன் வர்க்கத்தையும் 4-இன் வர்க்கத்தையும் கூட்டினால் 5-இன் வர்க்கம் வரும். ஒன்பதும் பதினாறும் இருபத்தைந்து. வர்க்கத்துக்குப் பதிலாகக் கனத்துக்கு இப்படி முழு எண்கள் கிடைக்குமா? நாலாம் அடுக்குக்கு? எந்த அடுக்குக்கும் கிடைக்காது என்று 1637 வாக்கில் பெர்மா என்பவர் ஒரு புத்தக ஓரத்தில் எழுதி வைத்துவிட்டுப் போனார். நிரூபணம் எழுதவில்லை. அதற்குப் பிறகு வந்தவர்கள் மூன்று, நான்கு என்று ஒவ்வோர் அடுக்காகப் போராடினார்கள். சோபிதான் பல அடுக்குகளைச் சேர்த்து ஒரே அடியாகப் பிடிக்க ஒரு வழி கண்டார். முழு நிரூபணம் இல்லை, ஒரு பகுதிதான். ஆனால் 100-க்குள் இருக்கும் எல்லா ஒற்றைப்படைப் பகா எண்களுக்கும் அந்தப் பகுதியை முடித்தார். லெஜாண்டர் என்ற கணித மேதை தன் கட்டுரையில் இதை வெளியிட்டபோது, சோபியின் பெயரை அடிக்குறிப்பில் போட்டார். கணக்கு முழுவதும் முடிந்தது 1994-இல், ஆண்ட்ரூ வைல்ஸ் என்பவரால்.

இன்னொன்று ஒலியும் உலோகமும். கிளாட்னி என்ற ஜெர்மானியர் ஒரு உலோகத் தகட்டின் மேல் மணலைத் தூவி, ஓரத்தில் வயலின் வில்லால் இழுப்பார். மணல் ஓடிப்போய்க் கோலம் மாதிரி நிற்கும். வேறு இடத்தில் இழுத்தால் வேறு கோலம். 1808-இல் அவர் பாரிஸுக்கு வந்தார். பிறகு நெப்போலியனும் இதைப் பார்த்து அசந்துபோனார். 1809-இல் பாரிஸ் அறிவியல் கழகம், இந்தத் தகடு ஏன் இப்படி அதிர்கிறது என்று கணக்கால் விளக்குபவருக்குப் பரிசு என அறிவித்தது. (எங்க வீட்டில் சட்டி வாயில் பாலிதீன் கவரை மேளம் மாதிரி இழுத்துக் கட்டி, ரவையைத் தூவி, பக்கத்தில் தட்டைக் கரண்டியால் தட்டிப் பார்த்தேன். கோலம் வரவில்லை, ஆனால் ரவை நல்லாக் குதிச்சுது. அம்மா திட்டுனாங்க.)

அது ரொம்பக் கஷ்டமான கணக்கு என்று பெரிய பெரிய ஆட்களே ஒதுங்கிவிட்டார்கள். 1811-இல் வந்தது ஒரே ஒரு கட்டுரைதான், சோபியுடையது. பரிசு கிடைக்கவில்லை, ஏனென்றால் அதில் தப்பு இருந்தது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய உயர்ந்த தொகையீட்டுக் கணக்கை அவருக்கு யாரும் முறையாகச் சொல்லித் தரவில்லை. (அது பன்னிரண்டாம் வகுப்புக்கும் மேலேயாம்.) நடுவர்களில் ஒருவராக இருந்த லக்ராஞ்சி, சோபியின் யோசனையிலிருந்தே சரியான சமன்பாட்டைக் கொண்டுவந்தார். 1813-இல் சோபி மறுபடியும் எழுதினார். பாராட்டு மட்டும் கிடைத்தது. 1815-இல் மூன்றாவது தடவை. 1816 ஜனவரியில் பரிசு அவருக்கே என்று அறிவித்தார்கள். அப்போதும் குறை இருக்கிறது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். விழாவுக்கு அவர் போகவில்லை.

புத்தகத்தில் இதைப் படித்துவிட்டு நான் ரொம்ப நேரம் யோசித்தேன். பாய்சான் என்பவரும் அதே கணக்கைத்தான் செய்துகொண்டிருந்தார். அவர் கழக உறுப்பினர். கூட்டத்தில் உட்காரலாம், வாதாடலாம், தப்பு இருந்தால் அங்கேயே திருத்திக்கொள்ளலாம். சோபி வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதி அனுப்பிவிட்டு ஒரு வருஷம் ரெண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். நம்ம நோட்டில் சிவப்பு மையால் டீச்சர் அடித்தால் நமக்கு வெட்கமாக இருக்கும், நானும் பல நாள் அந்தப் பக்கத்தை மறைத்திருக்கிறேன். சோபிக்கு அந்தச் சிவப்பு மைதான் கிடைக்கவில்லை. பிறகு ஃபூரியர் என்ற அறிஞர் உதவியதால் 1820-களில் கழகக் கூட்டத்தில் உட்கார அனுமதித்தார்கள். உறுப்பினரின் மனைவியாக இல்லாமல் அங்கே போன முதல் பெண் அவர்தான். அதற்குள் வயது 45-ஐத் தாண்டிவிட்டது.

1829-இல் மார்பகப் புற்றுநோய் வந்தது. வலியோடும் ஆராய்ச்சி செய்தார். வளைந்த பரப்புகளின் சராசரி வளைவு என்று அவர் சொன்ன கருத்தை இப்போதும் கணிதத்தில் பயன்படுத்துகிறார்கள். 1831 ஜூன் 27-இல், 55 வயதில் இறந்தார். இறப்புச் சான்றிதழில் அவருடைய தொழில் என்ற இடத்தில் சொத்து வருமானத்தில் வாழ்பவர் என்று எழுதினார்கள். கணித அறிஞர் என்று எழுதவில்லை.

1889-இல் ஈபிள் கோபுரத்தைக் கட்டி முடித்தபோது, பிரான்சின் விஞ்ஞானிகள், பொறியாளர்கள் 72 பேரின் பெயரை அதில் பொறித்தார்கள். லக்ராஞ்சி இருந்தார், லெஜாண்டர் இருந்தார், பாய்சான், ஃபூரியர் எல்லாரும் இருந்தார்கள். இரும்பு எப்படி வளையும், அதிரும் என்பதைக் கணக்குப் போட்ட சோபி இல்லை. அந்த 72 பேரில் ஒரு பெண் கூட இல்லை.

சரி, இப்ப உங்களுக்கு ஒரு கணக்கு. ஒரு பகா எண்ணை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டுங்கள். வருவதும் பகா எண்ணாக இருந்தால் முதல் எண்ணுக்கு சோபி ஜெர்மேன் பகா எண் என்று பெயர். 11-ஐ எடுத்தால் 23 வரும், அதுவும் பகா எண். நான் எழுதிய பட்டியலில் 7-உம் இருந்தது. எங்க அக்கா பார்த்துட்டு, ஏழுக்குப் பதினஞ்சு வரும், பதினஞ்சு மூணால வகுபடுமேன்னு அடிச்சுட்டா. அக்கா பத்தாவதில் கணக்கில் 92 மார்க். அதோட நிறுத்திட்டாங்க, இப்போ தையல் கத்துக்கிறா. இந்தத் தாளை முழுசா அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். ஒண்ணும் சொல்லல. மறுநாள் ராத்திரி என் ரஃப் நோட்டை வாங்கி மீதி எண்களைத் தானே கண்டுபிடிச்சு வச்சிருந்தா.

100-க்குள் மொத்தம் பத்து இருக்கின்றன. 2, 3, 5, 11, 23, 29, 41 ஆகிய ஏழையும் இங்கே எழுதிவிட்டேன். மீதி மூன்றைக் கண்டுபிடித்தவர்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கணக்கு டீச்சர் மேசையில் வையுங்கள். மறக்காம உங்க சொந்தப் பேரையே எழுதுங்க.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி