மூன்று முறை வார்னிஷ் அடித்த தச்சர்

விளையாட்டுச் சாமானுக்கு ஒரு கட்டுரையா, அதுவும் ஆண்டு மலரிலா என்று புருவத்தை உயர்த்த வேண்டாம் நண்பர்களே! நம்ம வெம்பக்கோட்டை மண்ணே விளையாட்டுச் சாமானைப் பொத்திப் பொத்திக் காத்த மண்தான். 2022-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை விஜயகரிசல்குளம் மேட்டில் தோண்டத் தொடங்கியபோது, சங்கு வளையலோடும் கண்ணாடி மணியோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் சில்லு வட்டுகளும் சேர்ந்தே வெளியே வந்தன. உடைந்த பானை ஓட்டை யாரோ ஒருவர் பொறுமையாகத் தேய்த்து, வட்டமாக்கிப் பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறார். அவர் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அதே வேலையைச் செய்து உலகறிந்த இன்னொருவரின் பெயர் தெரியும். அவர்தான் டென்மார்க் நாட்டுத் தச்சர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன்.

பெயர் வாயில் நுழையவில்லையா? அவர் தொடங்கிய 'லெகோ' கம்பெனியைச் சொன்னால் புரிந்துவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக அழுத்திப் பூட்டும் அந்தக் குட்டிக் குட்டிப் பிளாஸ்டிக் செங்கல்கள்!

அதைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2012-ல் அந்தக் கம்பெனி ரிமோட்டில் ஓடும் ஒரு கரடுமுரடுப் பாதை வண்டியை வெளியிட்டது. 1,300-க்கும் மேற்பட்ட துண்டுகள். ஓட்டுவதற்கு 2 மோட்டார், திருப்புவதற்கு 1 சர்வோ மோட்டார். இப்படிப்பட்ட வண்டிகளை, லாரிகளைப் பார்த்துப் பார்த்துப் பூட்டுகிறவர்கள் உலகம் பூராவும் இருக்கிறார்கள். அதில் உள்ளது எல்லாம் நம் மெக்கானிக்கல் பாடம்தான். இடது சக்கரம் ஒரு கல்லின் மேல் ஏறினால் ஸ்பிரிங் அமுங்கி அச்சு சாய்கிறது. வலது சக்கரம் தரையை விடுவதில்லை. அச்சு ஏறி இறங்கும்போது சக்தி கொண்டுபோகும் தண்டும் கோணம் மாறவேண்டுமே? அதற்கு யுனிவர்சல் ஜாயிண்ட். மோட்டாரின் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டப் பற்சக்கரங்கள். நிஜ லாரியில் இருப்பது அத்தனையும் உள்ளங்கை அளவில்!

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரு துண்டில் 0.1 மில்லிமீட்டர் கூடிவிட்டது என்று வையுங்கள். என்ன பெரிசாக ஆகிவிடும் என்று தோன்றும். ஆனால் அதே மாதிரிப் பத்துத் துண்டு வரிசையாகச் சேர்ந்தால் 1 மில்லிமீட்டர். அப்புறம் பல்லுக்குப் பல் சேராது, வண்டி நகராது. அதனால்தான் அந்தச் செங்கல்லை வார்க்கும் அச்சுகள் 0.005 மில்லிமீட்டர் துல்லியத்தில் செய்யப்படுகின்றன. லேத்தில் நின்று பழகியவர்களுக்கு இந்த அளவின் அருமை தெரியும். ஒரு பொம்மைக்கு இத்தனை கண்டிப்பு எங்கிருந்து வந்தது? அதற்கு அந்தத் தச்சரின் வாழ்க்கைக்குத்தான் போகவேண்டும்.

ஓலே கிர்க் 1891 ஏப்ரல் 7-ல் டென்மார்க்கின் ஃபில்ஸ்கோவ் என்ற கிராமத்தில் ஒரு ஏழைக் குடும்பத்தில், ஏகப்பட்ட பிள்ளைகளில் ஒருவராகப் பிறந்தார். அண்ணனிடம் தச்சு வேலை பழகினார். ஜெர்மனிக்கும் நார்வேக்கும் போய் வேலை பார்த்தார். 1916-ல் பில்லுண்ட் என்ற சிற்றூரில் ஒரு மரப்பட்டறையை வாங்கினார். கதவு, ஜன்னல், வீடு கட்டுமானம் என்று பிழைப்பு நடந்தது. கல்யாணம் ஆகி நான்கு ஆண் பிள்ளைகள்.

நம்ம சிவகாசியிலிருந்து பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்கக் கல்கத்தாவுக்குப் போனது 1922-ல். அதற்கு இரண்டு வருஷம் கழித்து, 1924-ல், பில்லுண்டில் ஓலே கிர்க்கின் சின்னப் பையன்கள் இரண்டு பேர் பட்டறையில் பசை காய்ச்சும் அடுப்பைப் பற்றவைத்தார்கள். பொறி தெறித்து மரச்சீவலில் விழுந்தது. பட்டறையும் வீடும் சாம்பல்! மனிதர் இடிந்து உட்காரவில்லை. முன்னைவிடப் பெரிதாகவே கட்டினார்.

அடுத்த அடி உலகப் பொருளாதார மந்தம். வீடு கட்ட ஆளில்லை. தச்சனுக்கு வேலை ஏது? ஏணி, முக்காலி, இஸ்திரிப் பலகை என்று சின்னச் சாமான்கள் செய்தார். 1932-ல் மரப் பொம்மையில் இறங்கினார். அதே வருஷம் மனைவி இறந்துபோனார். கையில் காசில்லை, நான்கு பிள்ளைகள் வேறு. உடன்பிறந்தவர்களிடம் கடன் கேட்டபோது, உருப்படியாக ஏதாவது செய்யக்கூடாதா என்கிற மாதிரிதான் பேச்சு வந்ததாம். (நம்ம வீட்டுப் பெரியவர்கள் ஞாபகம் வருகிறதா?) அவர் பொம்மையை விடவில்லை. நன்றாக விளையாடு என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி, 1934-ல் 'லெகோ' என்று பெயர் வைத்தார்.

அந்தக் காலத்தில் யோ-யோ விளையாட்டுக்கு ஒரு மோகம் வந்தது. இவரும் செய்து குவித்தார். மோகம் அடங்கியதும் யோ-யோ எல்லாம் தேங்கிப்போனது. வேறு ஆளாயிருந்தால் அடுப்பில் போட்டிருப்பார். இவர் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக்கிவிட்டார்! மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பூட்டியே தொழில் கற்ற நம் கோவை ஜி.டி. நாயுடுவின் இனம்தான் இவரும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். அவருடைய மகன் காட்ஃப்ரெட் சிறு வயதிலேயே பட்டறையில் வேலை பார்த்தவர். மர வாத்துப் பொம்மைகளுக்கு மூன்று பூச்சு வார்னிஷ் அடிப்பது அப்பாவின் முறை. ஒருநாள் பையன் இரண்டு பூச்சோடு நிறுத்திப் பெட்டி கட்டி, ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, காசு மிச்சம் பிடித்த பெருமையோடு அப்பாவிடம் வந்து சொன்னான். பாராட்டு கிடைக்கும் என்று நினைத்தான். கிடைத்தது வேறு! உடனே போய்ப் பெட்டியைத் திருப்பி எடுத்துவந்து, மூன்றாவது பூச்சையும் அடித்து, திரும்பக் கட்டி அனுப்பச் சொன்னார் அப்பா. உதவிக்கு ஆள் கிடையாது. ராத்திரி முழுக்க ஆனாலும் அவனே செய்யவேண்டும். அந்தப் பாடம் பையனுக்குச் சாகும்வரை மறக்கவில்லை. மிகச் சிறந்ததைத் தவிர மற்றது போதாது என்ற கருத்தைப் பலகையில் செதுக்கிப் பட்டறையில் மாட்டியவரும் அவர்தான்.

1942-ல் மறுபடியும் தீ. தொழிற்சாலை, மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் போயின. ஐம்பது வயதைத் தாண்டிய மனிதர் மூன்றாம் முறையாக ஆரம்பித்தார். போர் முடிந்ததும் துணிந்து பிளாஸ்டிக் வார்ப்பு எந்திரம் வாங்கினார். 1949-ல் பிளாஸ்டிக் செங்கல் வந்தது. அதன் மூல யோசனை இங்கிலாந்தின் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவருடையது என்பதையும் சொல்லிவிடுவதே நியாயம். அந்தச் செங்கல் அடியில் வெறும் கூடு. கட்டியது ஆட்டினால் உதிர்ந்துவிடும். பல வருஷம் உழைத்து, உள்ளே குழாய்கள் வைத்து இறுகப் பிடிக்கும் முறையைக் கண்டு, 1958 ஜனவரி 28-ல் காட்ஃப்ரெட் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆறு வாரம் கழித்து, மார்ச் 11-ல், ஓலே கிர்க் கண்ணை மூடினார். பற்சக்கரமும் அச்சும் கொண்ட டெக்னிக் வகை வந்தது 1977-ல். ரிமோட் லாரியை அவர் பார்க்கவே இல்லை. ஆனால் 1958-ல் வார்த்த செங்கல் இன்றைய செங்கல்லோடும் கச்சிதமாகப் பூட்டிக்கொள்கிறது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடிக்கும் அதிகமான விதங்களில் சேர்க்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்!

நண்பர்களே, மூன்றாவது பூச்சு வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாது. இரண்டோடு நிறுத்தினாலும் வாத்து வாத்தாகத்தான் இருக்கும். அங்கே ஒரு பூச்சு குறைந்தால் பொம்மையின் பளபளப்புத்தான் போகும். நம்ம பக்கத்தில் ஒரு வேலை குறைந்தால் உயிரே போகும். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். 2024 பிப்ரவரி 17-ல் நம்ம வெம்பக்கோட்டை பக்கத்து இராமுத்தேவன்பட்டியில் பத்துப் பேர். ஒரு அறையில் நாலு பேருக்கு மேல் கூடாது, அளவுக்கு மேல் மருந்தை வைக்கக்கூடாது, கலந்த மருந்தை ராத்திரிக்கு மிச்சம் வைக்கக்கூடாது என்பதெல்லாம் நம்ம ஊரின் மூன்றாவது பூச்சுகள். தீபாவளி நெருங்கி ஆர்டர் நெருக்கும்போது, இதை ஒரு நாள் விட்டால் என்ன என்று முதலில் தோன்றுவதும் இவற்றைத்தான்.

நாளைக்கு நம்மில் பலர் ஃபோர்மேனாகவும் சூப்பர்வைசராகவும் போகப்போகிறோம். வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன் அண்ணே என்று ஒருவர் பெருமையாக வந்து நிற்பார். அப்போது அவரைத் தட்டிக்கொடுக்கப் போகிறோமா, பெட்டியைத் திருப்பி எடுத்துவரச் சொல்லப் போகிறோமா? டிப்ளமோ காகிதம் இதற்குப் பதில் சொல்லாது. நாம்தான் சொல்லவேண்டும்.